பதினேழாம் நம்பர் பெல்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. என் தங்கை கணவருக்கு நடந்தது. சாதாரணமாக அவர் வாயைத் திறந்தால் பாதி டூப்புதான். அப்படிப்பட்டவர், தன் மகள் தலையில் கையை வைத்து இதைச் சொன்னார்.

இதில் நடுநிசி கிடையாது. சுடுகாடு கிடையாது. பட்டப்பகல். மணி ஒன்று பத்து.

மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ரிட்டன்'. வெளிநாட்டு வேலைக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை பதினோராம் நாள் வாசலில் பெட்டியோடு நின்றார். அடுத்த தடவை ஒன்றரை மாதம். கொண்டுபோன சோப்பு கரைவதற்குள் ஆள் வந்துவிட்டார் என்று என் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்றாவதாக அமைந்தது ஒரு பாலைவன நாடு. டவர் கிரேன் ஓட்டுகிற வேலை. விமான நிலையத்தில் என் தங்கை அழவில்லை.

"ரெண்டு வருஷம் முடிச்சிட்டுத்தான் வரணும். பாதியில வந்தா உங்களோட சேர்ந்து நானும்தான் தலைகுனிஞ்சு நிக்கணும். இனிமே என்னால முடியாதுங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். ஃபோர்மேன் 'அன்ஃபிட்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மறுபடியும் அதே வாசல், அதே பெட்டி.

கிரேனின் கேபின் ஐம்பத்து நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தது. ஏணியில் நூற்று எண்பது படி. முதல் நாள் ஏறிப் போய் உட்கார்ந்தபோதே ஒன்று உறுத்தியது. காலுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி வழியாகத்தான் கீழே பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியின் இடது பாதியில் யாரோ பேப்பர் ஒட்டி வைத்திருந்தார்கள். ஓர் அடுக்கு இல்லை. நான்கு அடுக்கு.

முன்பு இருந்த ஆபரேட்டர் கண் சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டாராம். வெயிலுக்கு ஒட்டியிருப்பார் என்று நினைத்து, மாப்பிள்ளை அதைச் சுரண்டி எடுத்தார்.

கீழே சிக்னல்மேன், ஐம்பது வயதுக்காரர். அந்த இடத்தில் தமிழ் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவ்வளவு உயரத்தில் பேச்சு காதில் விழாது. அவருடைய கைதான் பேச்சு. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் கொக்கியை இறக்க வேண்டும். மேலே காட்டிச் சுற்றினால் தூக்க வேண்டும்.

"என் கையை மட்டும் பாரு தம்பி. வேற யோசனையே உனக்கு வேணாம்" என்றார்.

அந்த வாரம் சுமை கட்டுவதற்கு மஞ்சள் நிறப் பெல்ட்டுகள் புதிதாக வந்தன. சிக்னல்மேன் கட்டைப் பிரித்து, கறுப்பு மையால் ஒன்று முதல் இருபது வரை நம்பர் போட்டார். ஒவ்வொரு நம்பருக்கும் அடியில் கோணலாக ஒரு கோடு இழுத்தார். அதுதான் அவர் முத்திரை.

கோடைக்காலத்தில் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெளியில் யாரும் வேலை செய்யக் கூடாது. எல்லோரும் ஓய்வுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் கேபினிலேயே இருப்பார். அங்கே ஏசி உண்டு. அந்த வெயிலில் ஏணியைத் தொட்டால் உள்ளங்கை வெந்துவிடும்.

ஒன்பதாம் நாள். சாப்பிட்டு டப்பாவை மூடினார். மணி 1.10.

கீழே ஓர் ஆள்.

கிழக்குச் சுவரை ஒட்டி மண் நிரப்பிய இடத்தில் நின்றான். ஆரஞ்சு சட்டை, மஞ்சள் ஹெல்மெட். விரலைக் கீழே காட்டிச் சுற்றினான். இறக்கு.

ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை கிரேனைத் திருப்பிக் கொக்கியை இறக்கினார். காலையில் மாட்டிய பெல்ட் ஒன்று அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி மண்ணுக்கு அருகில் போனதும் அவன் குனிந்தான். ஏதோ செய்தான். நிமிர்ந்து விரலை மேலே காட்டிச் சுற்றினான். தூக்கு.

தூக்கினார். கொக்கி வெறுமையாக வந்தது. பெல்ட் இல்லை.

கீழே பார்த்தார். ஆளும் இல்லை. நிரப்பிய மண்ணில் ஒரு காலடிகூட இல்லை...

சாயங்காலம் சிக்னல்மேன் பெல்ட்டுகளை எண்ணினார். பத்தொன்பதுதான் இருந்தது.

"பதினேழு எங்க தம்பி?"

"தெரியலண்ணே... மத்தியானம் கிழக்குப் பக்கம் யாராச்சும் நின்னாங்களா?"

"மத்தியானத்துல நாய்கூட வெளிய வராது. வெயில் மண்டையில ஏறிடுச்சா உனக்கு? ஃபோர்மேன் காதுல விழுந்துச்சுன்னா, அன்ஃபிட்டுன்னு எழுதிடுவான்."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். தடை நேரத்தில் கிரேனை ஓட்டியது வெளியே தெரிந்தாலும் வேலை போய்விடும்.

பத்தாம் நாள், மணி 1.10. அதே இடம். அதே ஆள். இறக்கு...

அவர் லீவரைத் தொடவில்லை. அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். மூன்று மணிக்குச் சைரன் ஊதும்வரை அந்தக் கை நிற்கவில்லை. பதினோராம் நாளும் அப்படியே. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. இரவு தங்கை போனில், "வேலை எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். "சூப்பர்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவரும் பேப்பர் ஒட்டினார். நான்கு அடுக்கு.

1.10. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை.

1.17.

டங்...

ஏணி. கீழ்ப்படி.

டங்... டங்...

வாக்கி டாக்கியை எடுத்தார். "அண்ணே! யாராவது ஏணியில ஏறுறாங்களா?" கரகரப்பு மட்டும் வந்தது. கொட்டகையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி ஓடலாம் என்றால் இறங்குவதற்கும் அதே ஏணிதான்.

எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது... நூறு... ஒவ்வொரு படிக்கும் காலடியில் தகரம் அதிர்ந்தது. நூற்று எழுபது. நூற்று எழுபத்தொன்பது.

டங்.

நின்றது.

நேர் கீழே. கேபின் தரையில் ஏறி வருகிற கதவுக்கு அந்தப் பக்கம்.

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

கதவு அசையவில்லை.

கண்ணாடியில்தான் சத்தம் வந்தது.

கிர்ர்...

பேப்பர் ஒட்டிய இடம். வெளிப்பக்கம். அங்கே நிற்க இடமே இல்லை. வெறும் காற்று.

கிர்ர்... கிர்ர்...

விரல். வட்டமாக.

"நான் புதுசுப்பா" என்று கதறினார். "என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. என்னை விட்டுடு..."

கிர்ர்...

மூன்று மணி. சைரன். சத்தம் நின்றது.

இறங்கி வந்தவரைப் பார்த்து, "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று ஃபோர்மேன் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றார் மாப்பிள்ளை. வேறு என்ன சொல்ல முடியும்? அதற்குப் பிறகு சத்தமும் வரவில்லை. கை வெந்தாலும் பரவாயில்லை என்று தினமும் மதியத்தில் கீழே இறங்கிவிட்டார். சோதனைக் காலம் முடிந்தது. 'ஃபிட்' என்று எழுதினார்கள்.

நூற்று நான்காம் நாள், குழாய் போடக் கிழக்குச் சுவர் ஓரம் தோண்டினார்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் இயந்திரம் நின்றது. கூட்டம் ஓடியது. மேலே இருந்த மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது.

மண்ணுக்குள் ஓர் உடல். முன்பு இருந்த சிக்னல்மேன். மண் சரிந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்ததற்கு ஏழு மாதம் முன்பே அவன் செத்துவிட்டான். வேலையை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று எழுதிவைத்து, வீட்டுக்கும் அப்படியே சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நம் சிக்னல்மேன் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"அக்குளுக்குக் கீழ ஒரு பெல்ட்டைச் சுத்திக் கட்டியிருந்தான் தம்பி. ரெண்டு முனையையும் சேர்த்து மேல தூக்கிப் பிடிச்சிருந்தான். கொக்கியில மாட்டுறதுக்குத் தோதா."

"அவன் காலத்துப் பழைய பெல்ட்டாண்ணே?"

"மஞ்சள். புதுசு." கட்டில் விரிப்பில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "என் கையெழுத்து. அடியில கோணல் கோடு. பதினேழு."

மாப்பிள்ளை இரண்டு வருடத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். என் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது யாரும் அவரை 'ரிட்டன்' என்று கூப்பிடுவதில்லை. மகள் தலையில் வைத்த கையை எடுக்காமலே, கடைசியாக என்னிடம் இதைச் சொன்னார்.

"பெல்ட்டைக் கட்டிக்கிட்டு அவன் ரெடியாத்தான் இருந்தான் மச்சான். நான்தான் பேப்பர் ஒட்டிட்டேன்."