வேணியக்கா கைக்குள் மூடிக்கொண்ட பித்தளைக் கால்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருக்கும் எங்கள் கணினிக் கடையைத் திறந்து ஒரு புதுப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேணியக்காவின் கணவர் கைப்பேசியில் அழைத்தார். "மணி, வேணி போயிட்டாளுங்க. நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். போற வழியிலயே..." என்றார். திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடினேன். பதினோரு ஆண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது.

கிருஷ்ணவேணி என்ற முழுப்பெயர் கடைப் பலகையில் மட்டும்தான் இருந்தது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர் என்றாலும் ஊருக்கே வேணியக்கா, எனக்கும் அப்படித்தான். வாடிக்கையாளர்களிடம் வாயடிப்பது என் வேலை. வேலையை வேலையாகச் செய்வது அவர் வேலை.

அவர் வேலை செய்த விதம், எங்கள் கடைக்கு வந்துபோன உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாகக் கட்டிய கணினியில் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். "எல்லாமே புதுசுங்க, எப்பிடிங்க ஓடாம போகும்?" என்று கேட்பவர்களிடம், "பழசுன்னா ஒருக்காவாச்சும் ஓடியிருக்கும். புதுசு இன்னும் ஓடியே காட்டலைங்களே" என்பார். முதலில் மானிட்டர் ஒயர் சரியான இடத்தில் செருகியிருக்கிறதா என்று பார்ப்பார். பாதிப் பேரின் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து ராம் என்கிற நினைவகத் துண்டுகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் மறுபடி அழுத்திப் பூட்டுவார். சேலத்தில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவரும் பெட்டிகளில், கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி ராம் தளர்ந்துவிடும். "நமக்கே தலை சுத்துது, அதுக்குச் சுத்தாதுங்களா?" என்பார். திரை வந்தாலும் உடனே சிரிக்க மாட்டார். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார்.

எங்கள் மேசையில் ஒரு பழைய இட்லித் தட்டு இருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வகைத் திருகு. வேலை முடிந்ததும் தட்டைப் பார்ப்பார். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெட்டியை மூட விடமாட்டார். "ஏனுங்கக்கா, திருகுக்கும் ஆஜர் எடுக்கறீங்களா?" என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, மலையில் இன்னொரு ஊரான வாழவந்தியில் எஸ்டேட் தொழிலாளியின் மகள் பூங்கொடிக்கு ஒரு கணினி கட்டினோம். வீட்டிலிருந்தே செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கணினி முன் உட்காராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பாகங்களையெல்லாம் செருகும் மதர்போர்டை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வேலையாக வேணியக்கா வெளியே போனார். பெட்டிக்குள் பூட்டியது நான். ஜீப்பில் போகும் பெட்டி, பாதை மோசம், போர்டு ஆடக்கூடாது என்று, அதைத் தாங்கும் சிறு பித்தளைக் கால்களில் ஒன்றைக் கூடுதலாகத் திருகினேன். போர்டில் அதற்கு நேராகத் துளை இல்லை. தாங்கட்டுமே என்று விட்டுவிட்டேன். மறுபடி ஓட்டியும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் அவள் வீட்டில் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை வரவில்லை. பூங்கொடியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கைப்பேசியை எடுத்து, அந்த வீட்டார் எல்லாரும் கேட்கும்படி வேணியக்காவிடம் கத்தினேன். "என்னத்தைங்க பூட்டுனீங்க? ராமைக்கூட ஒழுங்கா அழுத்தலைங்களா?"

அவர் பனிமூட்டத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார். ஒயரைப் பார்த்தார். ராமைக் கழற்றிப் பூட்டினார். பலனில்லை. "போர்டு போச்சுங்க" என்றேன். "பாக்காம சொல்லாதீங்க" என்று போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டினார். திரை வந்தது. அப்படியென்றால் கோளாறு போர்டில் இல்லை, பெட்டிக்குள். வெறும் தகட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். போர்டின் முதுகில் முட்டி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்த அந்தக் காலைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பூங்கொடியிடம், "என் கை தப்புங்க கண்ணு. நான் பூட்டுனதுல பிசகிப்போச்சு. நாளைக்கு நீ தைரியமா உக்காரு சாமி" என்றார்.

அவர் வண்டியில் திரும்பும் வழியில் நிறுத்தச் சொல்லி, "ஏனுங்கக்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "அந்தப் புள்ள பயந்து கெடக்குது. அது முன்னால நின்னு நீயா நானான்னு பேசறதுங்களா? உங்களுக்குத் தோணுறப்ப நீங்களே சொல்லிப்போடுங்க" என்று அந்தப் பித்தளைக் காலை என் உள்ளங்கையில் வைத்தார். அதன்பின் ஒரு நாளும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. வாழவந்திப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், "மணியண்ணனே பூட்டட்டுமுங்க" என்று அவர் எதிரிலேயே சொன்னபோதும், இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் பூங்கொடி வந்திருந்தாள். அதே வேலையில்தான் இருக்கிறாள். தம்பியைப் படிக்க வைக்கிறாள். "அந்தக்கா தப்புப் பண்ணாலும் ஒத்துக்கிட்டாங்க. அந்த மனசு யாருக்குங்க வரும்?" என்று அழுதாள். அன்றும் நான் பேசாமல்தான் நின்றேன். இதைவிட வெட்கக்கேடு என் வாழ்க்கையில் வேறில்லை.

அடுத்த ஞாயிறு இழுப்பறையெல்லாம் தேடி அந்தப் பித்தளைக் காலை எடுத்துக்கொண்டு வாழவந்திக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூங்கொடி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "அக்கா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அண்ணா" என்று அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவர் இருக்கும்போது சொல்லாததை இப்போதாவது எல்லாருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தவறு வேணியக்காவுடையது என்று நினைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அது என் கை. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது ஓர் இட்லித் தட்டு. அதில் ஒரு குழியில் அந்தப் பித்தளைக் கால் மட்டும் தனியாகக் கிடக்கிறது. திரை வராத கணினி வரும்போதெல்லாம், முதலில் நான் பூட்டிய இடத்தைப் பார்க்கிறேன்.