ஓர் அங்குலப் புல்வெளி

மொக்கையனைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்கள் எஸ்டேட்டில் எவனுக்கும் தோன்றாது. அவர் யூனியன் தலைவர் இல்லை, குறி சொல்லும் சாமியாடி இல்லை, யாரையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போனவரும் இல்லை. முப்பத்தொரு வருஷம் தேயிலைச் செடியின் தலையை வெட்டினார், அவ்வளவுதான். நான் பிச்சைமணி, அதே எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க். டைப் அடிக்கவும் தெரியும் என்பதால் ஆபீஸ் செய்த பாவத்தில் பாதி என் விரல் வழியாகத்தான் வெளியே போனது. அதனால் நானே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, சக்குபள்ளத்து ஏலக்காடுகளைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் வெண்பாறை எஸ்டேட். தேயிலைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை கவாத்து உண்டு. வளர்ந்த செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக விட்டுவிடுவார்கள். பார்க்கிறவனுக்குச் செத்த காடு மாதிரி இருக்கும், மூன்று மாதத்தில் பச்சைப்பசேலென்று தளிர்த்து நிற்கும். இருபத்திரண்டு அங்குலம் என்று உத்தரவு வந்தால் இருபத்திரண்டுதான் வெட்ட வேண்டும். மற்றவர்கள் அளவுகோலை ஊன்றி ஊன்றி வெட்டுவார்கள். மொக்கையன் செடியை ஒரு பார்வை பார்ப்பார், சரக்கென்று கத்தி இறங்கும். வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் கோல் வைத்துப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அவர் வரிசையில் அளப்பதையே விட்டுவிட்டார்.

1976இல் எங்களுக்குப் புதுத் தொரை வந்தார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் எஸ்டேட்டை விட்டுத் தொரை மட்டும் போகவில்லை. இவர் பெயர் செங்கோட்டையன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் கடலையும் விளைகிற பெரிய குடும்பம். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, வாயில் பற்றவைக்காத பைப். பற்றவைத்தால் இருமல் வரும். ஆட்களிடம் இங்கிலீஷில்தான் பேச ஆரம்பிப்பார், கோபம் வந்தால் அரை நிமிஷத்தில் கொங்குத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். கோபம் அடிக்கடி வந்ததால் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

தொரைக்கு அமெரிக்காவில் ஒரு மச்சான் இருந்தார். அவர் ஊருக்கு வரும்போது புல் வெட்டும் மிஷின் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கோயமுத்தூரிலிருந்து அதைக் காரில் வைத்துக்கொண்டு வந்த தொரைக்கு, வாளையார் செக்போஸ்ட்டில் அதை என்ன பெயரில் எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் மோட்டாருக்கு உதிரிபாகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துசேர்ந்தார். அடுத்த நாளே மிஷின் என் ஸ்டோருக்கு வந்தது. நீளமான குழாய், மேல்முனையில் பெட்ரோல் இன்ஜின், கீழ்முனையில் சட்டிமூடி மாதிரி ஒரு தலை. அந்தத் தலைக்குள் நைலான் நரம்பு சுற்றிவைத்திருந்தது, இரண்டு பக்கமும் நாலு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலை சுழலும்போது அந்த நரம்புதான் கத்தி. தேய்ந்துபோனால் மூடியைத் திருகிக் கழற்றி, இன்னும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும்.

மிஷினோடு மச்சான் வீட்டுப் புல்வெளியின் கலர் போட்டோவும் வந்தது. மழித்த தாடை மாதிரி ஒரே வழுவழுப்பு. தொரை அதைப் பைப்பால் தட்டிக் காட்டி, இன்னும் இருபது நாளில் கம்பெனி டைரக்டர்கள் வருகிறார்கள், பங்களாப் புல்வெளியில்தான் டீ, புல் இப்படி ஓர் அங்குலத்தில் இருக்க வேண்டும் என்றார். உயரம் என்று வந்துவிட்டால் எஸ்டேட்டில் ஒரே ஆள்தான். கவாத்துக் காட்டிலிருந்து மொக்கையனை இறக்கிப் பங்களாவுக்கு அனுப்பினார்கள்.

மொக்கையன் மிஷினைத் தூக்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது, உயரத்தை எங்கே வைப்பது என்றுதான். நியாயமான கேள்வி. தள்ளிக்கொண்டு போகும் மிஷினுக்குச் சக்கரம் உண்டு, உயரத்தைச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். இதற்குச் சக்கரம் கிடையாது. கை தாழ்ந்தால் மண்ணைத் தோண்டும், உயர்ந்தால் காற்றை வெட்டும். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் காலை மனைவி சாந்தம்மாளின் கொழுந்துக் கூடைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கயிற்றைத் தோளில் மாட்டி மிஷினைத் தொங்கவிட்டு, முடிச்சை ஏற்றி இறக்கி, தலை தரைக்கு மேலே சரியாக மூன்று அங்குலத்தில் நிற்கும்படி கட்டினார். வெட்டி முடித்தபோது புல்வெளி விரித்த ஜமக்காளம் போல இருந்தது. நானே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்து பார்த்தேன்.

சாந்தம்மாள் மட்டும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று கத்தினாள்: "கூடைக் கயித்தையும் பங்களாவுக்கே குடுத்தாச்சு! இனி நான் கொழுந்த வாயில கவ்விக்கிட்டா வரட்டும்?"

தொரை வந்து பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து ஊன்றினார்.

"மூணு இன்ச் இருக்குதே. ஒரு இன்ச்சுன்னுதான சொன்னேன்?"

"மூணே போதும் தொர," என்றார் மொக்கையன். "இதுக்குக் கீழ எறக்குனா தாளு போயிரும், வெறும் மண்ணுதான் நிக்கும். வேணும்னா வாரத்துக்கு அர இஞ்சா எறக்குதேன்."

"ஏப்பா, தேயிலைய மொட்டையா வெட்டறயில்ல? அது தளுக்கலையா? செடி தளுத்தா புல்லு தளுக்காதா?"

"தேயிலைக்கு மூணு மாசம் உண்டு தொர. டைரக்டரு பதினேழு நாள்ல வாராக."

இங்கே நான் இன்னும் பலமாக வாய் திறந்திருக்க வேண்டும். மிஷினோடு வந்த புத்தகத்தை ஸ்டோரில் உட்கார்ந்து முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பயந்து பயந்து அதைச் சொல்லவும் செய்தேன். "அது அமெரிக்காப் புல்லுக்குங்க பிச்சைமணி" என்று தொரை என் வாயை அடைத்துவிட்டார். பிறகு மொக்கையன் பக்கம் திரும்பினார்.

"வெட்டச் சொன்னா வெட்டோணும். டைரக்டருங்க வாரப்ப புல்லு பச்சையா இல்லீன்னா உன்ற பேரு செக்ரோல்ல இருக்காது, பாத்துக்க."

எஸ்டேட் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு. பெயர் போன ஏழாம் நாள் சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சாந்தம்மாள் டெம்பரரி, அவள் பெயரில் வீடு கிடையாது. கீழே தமிழ்நாட்டில் மொக்கையனுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது, அங்கே வீடு இல்லை. அவர் கயிற்று முடிச்சை அவிழ்த்து, மிஷினை இரண்டு அங்குலம் தாழ்த்திக் கட்டினார்.

தாழ்த்திக் கட்டிய தலை புல்லை வெட்டியதை விட மண்ணைக் கிளறியதுதான் அதிகம். கல்லில் பட்டுப் பட்டு நரம்பு தேய்ந்தது, இழுத்து இழுத்து விட்டதில் இரண்டே நாளில் தலைக்குள் சுற்றியிருந்ததெல்லாம் தீர்ந்தது. ஓர் இஞ்ச் நரம்புக்கு அமெரிக்காவுக்குக் கடிதம் போட முடியுமா? லாரி டிரைவர் மிக்கேல்ராஜ் தேக்கடிப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களிடம் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பு வாங்கிவந்தான். மெல்லிசு தங்கூஸ் பத்து சுற்றில் அறுந்தது. தடித்தது தலையின் ஓட்டைக்குள் நுழையவில்லை. மொக்கையன் மூன்று மெல்லிசு இழையைச் சேர்த்து முறுக்கி, நுனியைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டி, உள்ளே சுற்றினார். மிஷின் மறுபடி ஓடியது. அமெரிக்காக்காரனுக்கே தோன்றாத வேலை அது, ஆனால் தொரையின் கண் அடிக்கோலை விட்டு நகரவில்லை. ஒருவழியாகப் புல்வெளி முழுக்க ஓர் அங்குலம் ஆனது.

நாலாம் நாள் புல் சிவந்தது. ஏழாம் நாள் வைக்கோலாகிவிட்டது. அந்த வருஷம் மழையும் முன்கூட்டியே விட்டுப்போயிருந்தது.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் யாராவது தோட்டக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் தொரை தேயிலைப் புத்தகத்தைத் திறந்தார். கவாத்துக்கு முன்னால் செடியின் வேரை நறுக்கி அயோடின் சொட்டுவிட்டுப் பார்ப்பது எஸ்டேட் வழக்கம். வேர் கறுத்தால் உள்ளே தெம்பு இருக்கிறது, தளிர்க்கும் என்று அர்த்தம். தொரை டிஸ்பென்சரியிலிருந்து அயோடின் புட்டியை வரவழைத்து, புல்வெளியில் மண்டியிட்டு, நூல் மாதிரி இருந்த ஒரு புல் வேருக்குச் சொட்டு விட்டார். நாங்கள் நாலு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மந்திரிச்சுக் கட்டுகிற இடத்தில் நிற்பது போல நின்றோம்.

"லேசாக் கறுத்த மாதிரி இல்லீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். கறுத்தது அவருடைய கட்டைவிரல்தான்.

தெம்பு இருப்பது தெரிந்துவிட்டதால் அடுத்தது வைத்தியம். கவாத்து வெட்டிய கிளையின் வாயில் நோய் ஏறாமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்கள். புல்லும் வெட்டுப்பட்டதுதானே? பூசச் சொன்னார். புல் ஒவ்வொன்றுக்கும் பூச முடியாது என்பதால் வாளியில் கரைத்து ஊற்றச் சொன்னார். மொக்கையன் வாளியைக் கீழே வைத்தார். "இது மரத்துத் தோலுக்குப் போடுற மருந்து தொர, புல்லு பொசுங்கிரும்" என்றார். இரண்டாம் தடவையாகச் செக்ரோல் பேச்சு வந்தது. என் ஸ்டோரில் சீட்டு எழுதித் துத்தம் வாங்கினார். எட்டுக் கிலோ. சீட்டின் அடியில் 'மொக்கையன்' என்று கையெழுத்துப் போட்டார். உத்தரவு தொரையின் வாயில் இருந்தது, சீட்டு என் மேஜையில் இருந்தது. எஸ்டேட்டில் வாய்க்கு மதிப்புக் கிடையாது.

மறுநாள் புல்வெளி நீலமாக இருந்தது. வெளிறின நீலம், புதிதாகப் பூச்சடித்த போஸ்டாபீஸ் சுவர் மாதிரி. பார்க்க வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மொக்கையன் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று சாந்தம்மாள் வந்து சொன்னாள். அவள் குரலில் கத்தலே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டைரக்டர்கள் வருகிற அன்று காலை ஆறு மணிக்குத் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வானம் சுத்தமாக இருந்தது, நீலம் எட்டு மைலுக்குத் தெரியும். "அனுமதி இல்லாமல் எட்டுக் கிலோ துத்தம் எடுத்து, கம்பெனிப் புல்வெளியை வேண்டுமென்றே நாசம் செய்த குற்றத்துக்காக" என்று தொடங்கும் வேலைநீக்கக் காகிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். தடுக்க எனக்கு வாய் இருந்தது. வீடும் இருந்தது, அதுவும் கம்பெனி வீடு. ஏழு மணி மஸ்டரில் மொக்கையனின் பெயர் கூப்பிடப்படவில்லை. காகிதத்தின் நகல், கேட்டால் காட்டுவதற்காக, டைரக்டர்கள் பார்க்க வேண்டிய ஃபைலின் மேலே போய் உட்கார்ந்தது.

பத்து மணிக்கு மஞ்சு இறங்கியது. எங்கள் மலையில் மஞ்சு இறங்கினால் நீட்டின கை தெரியாது. பதினொன்றுக்குக் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தன. டைரக்டர்கள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே உள்ளே போய் நெருப்பு மூட்டிய அறையில் உட்கார்ந்தார்கள். டீ அங்கேயே வந்தது. பெரிய டைரக்டர் கண்ணாடி ஜன்னலைப் பார்த்து, அந்தப் பக்கம் என்ன என்று கேட்டார். வெளியே ஒரே வெள்ளை.

"லான், சார்" என்றார் தொரை.

"பிரமாதமாகப் பராமரித்திருக்கிறீர்கள்" என்றார் பெரிய டைரக்டர், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே. பிறகு ஃபைலிலிருந்த காகிதங்கள் அத்தனையிலும், படிக்காமல், வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். மொக்கையனின் காகிதமும் அதில் ஒன்று.

இப்போது தொரைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. புல்வெளி பாராட்டு வாங்கியாயிற்று, அதை நாசம் செய்தவனுடைய வேலையும் போயாயிற்று. திருப்பி எடுக்கலாம் என்றால் டைரக்டர்களுக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் நீலம் வெளியே வரும். ஆகவே சும்மா இருந்தார். எமர்ஜென்சிக் காலம், யூனியனும் மெதுவாகப் பேசப் பழகியிருந்தது. யூனியன் செக்ரட்டரி சுருளிவேல் மூன்று தடவை பங்களாவுக்குப் போய்வந்தார். ஆறாம் நாள், சாந்தம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, சிரித்த முகத்தோடு லயத்துக்கு வந்தார்.

"ஜெயிச்சாச்சு அண்ணாச்சி! எடுத்துக்கிடுதாங்க. பழைய ஆளா எடுக்க முடியாதாம், கையெழுத்து ஆயிருச்சுல்ல? புது ஆளாச் சேத்துக்கிடுதாங்க. வீடு உங்களுக்குத்தான்."

நாலு பேர் கைதட்டினார்கள். மொக்கையன் சுருளிவேலுக்குக் கும்பிடு போட்டார்.

மறுநாள் ஆபீசில் புது ஆள் சேர்க்கும் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மொக்கையன் நின்றார். உட்காருங்கள் என்று சொன்னேன், உட்காரவில்லை. பெயர், தகப்பன் பெயர், ஊர். வயது ஐம்பத்திரண்டு. அடுத்த கட்டத்தில் 'இந்த வேலையில் முன் அனுபவம்' என்று அச்சடித்திருந்தது. என் பேனா நின்றது. முப்பத்தொன்று என்று எழுதிவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் வீரம் வந்தது.

உள்ளறையிலிருந்து தொரையின் குரல் வந்தது: "புது ஆளுக்கு என்னங்க அனுபவம்? இல்லீன்னு எழுதுங்க."

நான் மொக்கையனைப் பார்த்தேன். அவருடைய வலது கை ஃபாரத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கவாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து அந்த விரல்கள் முழுசாக நிமிராது.

"இல்லன்னே எழுதுங்கய்யா" என்றார். "வீடு இருந்தாச் சரி."

எழுதினேன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.