ஈ உட்காராத கடை

எங்கள் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சந்தையில் ‘ஈ சார்’ என்று பெயர். மீன் கடைக்குள் நுழைந்தால் மீனைப் பார்க்க மாட்டார், ஈயைத்தான் பார்ப்பார். ஈ மொய்த்தால் கடைக்காரரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஈ இல்லையென்றால்தான் நிற்பார். “ஈக்கு லஞ்சம் கொடுத்து ஏமாத்த முடியாதும்மா” என்பார் என்னிடம்.

நான் அவர் எடுக்கும் மாதிரிப் புட்டிகளுக்கு அரக்கு சீல் வைக்கிறவள். ஏழு வருஷமாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலைகிறேன். மனுஷர் நேர்மையானவர். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அலுவலகப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போகிற, பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வருகிற நேர்மை. அப்படிப்பட்டவர் ஒரு கடையை மட்டும் ஆறு மாதம் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார். அது அவர் அக்கா வீட்டுக்காரர் கடை.

நான் முதலில் கவனித்தது ஒரு மதியம். சந்தைக்குள் போனால் காதில் ஈக்களின் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அந்தக் கடைக்குப் பத்தடி இருக்கும்போது அது நின்றுபோனது. காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டு ஆட்டிப் பார்த்தேன். பலகையில் மீன்கள் கண் பளபளக்க வரிசையாகக் கிடந்தன. பக்கத்துக் கடைவரை வந்த பூனை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வரிசையின் கோடியில், வால் பாதி அறுந்த பெரிய மீன் ஒன்று. அடுத்த வாரம் போனபோதும் அதே மீன், அதே அறுந்த வாலோடு, அன்று காலையில் பிடித்ததுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“காத்து அந்தப் பக்கம் அடிக்குது, அதான் ஈ இல்ல” என்றார் ஈ சார். கடையின் சாக்குத் திரை இம்மியும் அசையவில்லை.

பிணவறையில் உடம்பு கெடாமலிருக்க ஊற்றுகிற பார்மலினைத்தான் ஐஸில் கலக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதிரி எடுத்தால் கடை மூடப்படும், அக்கா வீட்டுக்காரர் உள்ளே போவார், அக்கா நடுத்தெருவில் நிற்பாள். அம்மா போன பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. “சொந்தக்காரங்க கடையில நான் கை வைக்கக் கூடாது, வேற ஆபீசர்தான் வரணும்” என்று சட்டம் பேசுவார். அந்த வேறு ஆபீசரின் நாற்காலி நாலு வருஷமாகக் காலி. இல்லாத ஆள் வரும்வரை ஊர் அந்த மீனைத் தின்றுகொண்டிருந்தது. நானும்தான் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

போன மாதம் ஒருநாள் சந்தை வாசல் டீக்கடையில் அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள். கடையில் ஐஸ் உடைத்து மீன் அடுக்குவது அவள் வேலை. எங்களுக்கு டீ வாங்கி நீட்டும்போது ஒரு டம்ளர் தளும்பி அவள் கையெல்லாம் வழிந்தது.

“ஐயோ அக்கா, கொதிக்குதே! தொடைங்க!” என்றேன்.

“கொதிக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா” என்று சிரித்தாள். “மீன் வாடையும் ஆறு மாசமாத் தெரியல தம்பி. நல்லதாப் போச்சுங்கறாரு உன் மாமா.”

டீக்கடை ஈக்கள் என் டம்ளரில் உட்கார்ந்தன, ஈ சார் காலரில் உட்கார்ந்தன. சர்க்கரை வழிந்த அவள் கைக்குப் பக்கத்தில் வந்தவை, சுவரில் முட்டிக்கொண்டதுபோலத் திரும்பிப் போயின. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அந்தக் கை வெந்ததுபோல வெளுத்திருந்தது.

ஈ சார் குடிக்காமலே டம்ளரை வைத்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, சொந்தக்காரர் கடை என்பதையும் சொன்னார். “வேற ஆளுக்கு எங்கய்யா போறது? நீரே எடும்” என்று பதில் வந்தது. என்னைப் பார்த்து, “பெட்டியை எடும்மா” என்றார். அக்காவும் எங்கள் பின்னாலேயே கடைக்கு வந்தாள்.

“என்ன மச்சான், நம்ம கடையிலயேவா?” என்று அக்கா வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். கத்தி மீனுக்குள் இறங்கியதும் சிரிப்பு நின்றது. வால் அறுந்த மீன்தான். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. துண்டுகளைப் புட்டிகளில் போட்டு மூடினோம்.

இனி எங்கள் ஆபீசைச் சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி செல்லாது. தலைமுடி கனமுள்ள முள்ளையும் உருவி எடுக்கிற மீன் வெட்டுகிறவர், “எனக்குக் கண்ணே தெரியாது சார்” என்று எழுந்து போனார். ஐஸ்காரர் காணாமல் போனார். உச்சி வெயிலில் அந்தச் சந்து முழுக்கக் காலியாகிவிட்டது. நாங்கள் நாலு பேரும் அந்த மீன்களும்தான். ஒரு சத்தம் இல்லை. ஈ சார் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அவரை அறையலாம்போல இருந்தது.

“கடைக்காரர் பொண்டாட்டி சாட்சி போடக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கா தம்பி?” என்று கேட்டாள் அக்கா.

அவர் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இல்லக்கா.”

“ஏய், உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்றார் வீட்டுக்காரர்.

“என் கையை ஒரு தடவையாவது பாத்தீங்களா நீங்க?” என்றாள்.

பேனாவை வாங்கினாள். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. “பிடிச்சிருக்கேனான்னே தெரியல தம்பி. உருட்டிக்கோ” என்று கட்டைவிரலை நீட்டினாள். அவர் மையில் தோய்த்துப் படிவத்தில் உருட்டினார். எடுத்துப் பார்த்தால் வழவழவென்று ஒரு கறுப்பு வட்டம். ஒரு கோடு இல்லை. அடுத்த விரலை உருட்டினார், அதுவும் அப்படியே. பத்து விரலையும் உருட்டிவிட்டார். காகிதம் முழுக்க யாருடையதும் அல்லாத பத்துக் கறுப்பு வட்டங்கள்.

“செல்லாதா தம்பி?” என்றாள்.

படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஏழு வருஷத்தில் ஈ சார் அதில் ஒரு எழுத்து எழுதி நான் பார்த்ததில்லை. அக்காவின் கையை விடாமல், இன்னொரு கையால் எழுதினார்: ‘சாட்சி என் உடன்பிறந்த அக்கா. ஆறு மாதத்துக்கு முன் நான் வந்திருந்தால் ரேகை இருந்திருக்கும்.’