வெந்நீரில் அலசிய வேட்டி

டங்ஸ்டன் கிடைக்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட ஒரே மனுஷி இந்தப் புனேயில் நானாகத்தான் இருக்கும். விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னக் கோயில். சங்கடஹர சதுர்த்தியை இங்கே சங்கஷ்டி என்பார்கள், அன்று நிற்க இடம் இருக்காது. அவரவர் மகனுக்கு விசா, மகளுக்கு வரன் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும், "அப்பனே, அந்தக் குழியில ஒண்ணும் இருக்கக் கூடாது, வெறுங்கல்லா வரட்டும்" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வெட்கமில்லாமல் மோதகமும் வைப்பேன்.

என் வீட்டுக்காரர் ஜியாலஜிஸ்ட். பாணேரில் ஓர் அடுக்குமாடியின் மூன்று அறைக்குள் நடக்கிற சின்னக் கம்பெனியில் வேலை. பூமிக்குள் துளை போட்டு, கீழே நிலக்கரி இருக்கிறதா, டங்ஸ்டன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். இரும்பையே அறுக்கிற கருவிகளுக்கு முனை செய்ய டங்ஸ்டன் வேண்டுமாம். போசரியில் உள்ள பட்டறைகள் பாதி அதை நம்பித்தான் ஓடுகின்றன என்பார். ஓடட்டும், நல்லா ஓடட்டும். அதற்கு என் புருஷன்தான் காட்டில் கிடக்க வேண்டுமா?

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வீட்டில் இருந்ததைவிடக் கூடாரத்தில் இருந்ததுதான் அதிகம். நிலக்கரி தேடிய இடத்தில் கிடைத்த கரி அடுப்பு மூட்டக்கூடக் காணாது என்று ஆனபின், கம்பெனிக்கு மிஞ்சியது நாக்பூருக்கு அப்பால் ஒரு காட்டில் டங்ஸ்டன் துளை ஒன்றுதான். அது பலித்தால் அவர் அங்கேயே இன்னும் பல வருஷம். பலிக்காவிட்டால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நான் எதற்காகப் பிள்ளையாரைத் தொந்தரவு செய்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

கேம்ப்பில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஆனால் ஏரிக்கரை மேட்டுக்கு நடந்துபோய் அங்கிருந்து பேசுவார். நேரில் நாலு வார்த்தை பேசாத மனுஷன் போனில் கொட்டித் தீர்ப்பார். இலுப்பைப் பூ வாசத்துக்குக் கரடி வந்தது, துளை போடுகிற மெஷின்காரர் தூக்கத்தில் ஹிந்திப் பாட்டுப் பாடுவது, அன்றைக்குத் துளையிலிருந்து வந்த கல்லின் நிறம். கல்லைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். எரிச்சலாக வரும். ஆனாலும் அந்த நேரத்துக்குக் குக்கரை அணைத்துவிட்டு, டீவியை அணைத்துவிட்டு, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு காத்துக் கிடப்பேன். போன் வர லேட்டானால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

துளையிலிருந்து கல் சப்பாத்திக் கட்டை பருமனில் உருளை உருளையாக வரும். கோர் என்பார்கள். மேலெல்லாம் சேறு. அதைத் துடைக்க அவருக்கு என்னிடமிருந்து பழைய வேட்டிதான் வேண்டும். கடைத்துணி தண்ணீர் குடிக்காதாம். ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் நைந்துபோன வேட்டிகளைக் கிழித்து அடுக்கிக் கொடுப்பேன். சேறு துடைக்கத்தானே என்று அழுக்காகக் கொடுத்தனுப்ப எனக்கு மனசு வராது. நிறையப் பவுடர் போட்டு ஊறவைத்து, வெள்ளை வெளேர் என்று ஆக்கித்தான் கொடுப்பேன். "கல்லுக்குக் கல்யாணமா பண்ணப் போற?" என்று சிரிப்பார். அந்தக் காட்டில் என் கைபட்டது அது ஒன்றுதான் என்று அவருக்கு நான் சொன்னதில்லை.

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நாள் ஏரிக்கரையிலிருந்து வழக்கத்துக்கு முன்னாலேயே போன் செய்தார். "மினுங்குது" என்றார்.

டங்ஸ்டன் கல் சாதாரண வெளிச்சத்தில் சும்மா சாம்பல் கல்தான். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். அதைத்தான் மினுங்குது என்றார். "நெசமாவா? நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிள்ளையார் என் மோதகத்தைச் சாப்பிட்டுவிட்டு அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்!

கோர் பெட்டிகள் லாரியில் போசரிக்கு வந்தன. அங்கே தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்றைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. அவரும் லாரியோடு வந்து, வீட்டுக்குக்கூட வராமல் நேரே அங்கேயே இறங்கிவிட்டார். நான் புளியோதரையும் அப்பளமும் கட்டிக்கொண்டு ரிக்ஷா பிடித்துப் போனேன். புருஷனைப் பார்க்க டிபன் தூக்கிக்கொண்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிறவள் நான்!

வாசலில் முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மராத்திக்காரர், என்னை வஹினி என்பார், அண்ணியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவது. கையில் போன். "வஹினி, இன்னிக்கு பேடா வாங்கணும்! பார்ட்னர்ஸ் எல்லாருக்கும் இப்பவே சொல்லப் போறேன்" என்று ஹிந்தியில் குதித்தார். அந்த மனுஷனை ஒரு நாளும் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

உள்ளே மேஜைமேல் கம்பளியைக் கூடாரம்போலப் போர்த்தி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார் இவர். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இளைத்திருந்தார்.

"வந்துட்டேன். சாப்பிடுங்க மொதல்ல."

"சாப்பாடு கெடக்கட்டும். இங்க வா, வந்து பாரு."

கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணைக் காக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். வியர்வையும் மண்ணும் கலந்த வாடை. தோளோடு தோள் ஒட்டி நின்றோம். எவ்வளவு நாளாயிற்று அப்படி நின்று! விளக்கைப் போட்டார். கல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நீல வெளிச்சம். கல்லின் கீறல்களுக்குள் எல்லாம் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஓர் அழகு. இதற்காகவா என்னை விட்டுவிட்டுப் போனார், சரி, போகலாம்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை முகம்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துடைக்கிற துணி, நான் கிழித்துக் கொடுத்த வேட்டித் துண்டு, அதுவும் பளீரென்று மின்னியது. அதே நீலம். அதே வெளுப்பு.

வெளுத்த துணியிலிருந்து உதிர்ந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சும் நூலும் அந்த விளக்கில் அப்படித்தான் மின்னும். இந்தத் தடவை நான் கொடுத்தது தொட்டாலே உதிர்கிற அளவுக்கு நைந்த வேட்டி. துணி பளிச்சென்று தெரிய சோப்புப் பவுடரில் ஏதோ கலப்பார்களாம், அதன் வேலை. இதை எனக்குச் சொன்னதே அவர்தான், கல்யாணமான புதிதில், விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முந்தானைமேல் அடித்துக் காட்டி. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனுஷன், தன் தோளில் கிடப்பதைப் பார்க்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லேபில் எப்படியும் தெரியத்தான் போகிறது. ஆனால் வாசலில் ஒருவர் போனும் கையுமாக நிற்கிறார். ஊரெல்லாம் சொன்னபிறகு தெரிந்தால் இவர் தலைதான் குனியும்.

"என்னங்க," என்றேன். "உங்க தோள்ல கெடக்கதும் அதே மாதிரிதான் மினுங்குது."

அவர் திரும்பித் தன் தோளைப் பார்த்தார். கம்பளியை விலக்கி, வாளித் தண்ணீரும் பிரஷும் எடுத்துவந்து கல்லைத் தேய்த்தார். மறுபடி கம்பளி, மறுபடி விளக்கு. நீலம் பாதி போயிருந்தது. மறுபடி தேய்த்தார். உருளை உருளையாக எல்லாம் அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு கல்லில் ஒரே ஒரு பொட்டு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கடுகளவு. அதுதான் நிஜம்.

எனக்கு முதலில் வயிற்றில் பால் வார்த்த மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்துவிடுவார்! பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

அவரே வெளியே போய் முதலாளியிடம் சொன்னார். முதலாளி போனைப் பையில் போட்டுக்கொண்டார். "அஸூ தே" என்றார், போகட்டும் விடு என்று. என்னைப் பார்த்து, "வஹினி, புளியோதரை இருக்கா?" என்று கேட்டார். மூன்று பேரும் காலிப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அப்புறம் நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. கூடாரத்தைச் சுருட்டினார்கள். அவருக்குப் பாணேர் ஆபீசிலேயே கம்ப்யூட்டரில் மேப் போடுகிற வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கி வந்தார். சாயங்காலம் போன் வருகிற நேரத்துக்கு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சுத்தான் இல்லை. என்ன கேட்டாலும் "ம்". புனேயிலேயே வளர்ந்து அப்பாவைப் பாபா என்று கூப்பிடுகிற எங்கள் மகளுக்குத் தமிழ் தத்துப்பித்து என்றுதான் வரும், ஆனால் கண் நன்றாக வேலை செய்யும். "அம்மா, பாபா ஜங்கல்ல இருந்தப்போதான் நெட்வொர்க் நல்லா இருந்துச்சு" என்றாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பாணேரில் எங்கே கட்டடத்துக்குக் குழி தோண்டினாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் விரட்டினாலும் நின்றார். "என்னத்தப் பாக்கியோ அதுல?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் ஒரே கருங்கல்லுதான். தெரிஞ்சதுதான்" என்றார். என் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நானோ ஏரிக்கரையில் நின்று பேசிய ஆளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

தை பிறந்ததும் முதலாளி எனக்குப் போன் செய்தார். அந்த ஒரு பொட்டை நம்பிப் பக்கத்திலேயே இன்னொரு துளை போட யாரோ பணத்தோடு முன்வந்திருக்கிறார்களாம். "ஆனா அவர் வரமாட்டேங்கறார், வஹினி. வீட்ல இருந்தது போதாது, இனி இருக்கணும்னு சொல்றார். நீங்க எதுவும் சொல்லாதீங்க, சும்மா தெரியட்டும்னு சொன்னேன்" என்றார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றி முடிக்குமுன் பிடித்துக்கொண்டேன்.

"வரமாட்டேன்னு சொன்னியளாமே?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீ கோயில்ல என்ன வேண்டுனன்னு எனக்குத் தெரியாதாக்கும்? போதும், நான் இங்கனயே இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவ்வளவு வருஷம் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! வந்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. "உம்முன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு ஆள் எனக்கு இங்க வேண்டாம்" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு செருப்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருடைய வேட்டிகளை எடுத்தேன், நைந்தது, நையாதது எல்லாம். பவுடர் இல்லை, சோப்பு இல்லை. துண்டு துண்டாகக் கிழித்து, பெரிய குண்டானில் வெந்நீர் கொதிக்கவிட்டு, முக்கி, அலசி, பிழிந்து, மறுபடி வெந்நீர். வெளுப்பெல்லாம் போய்ப் பழுப்பாகும்வரை விடவில்லை. அவர் ஆபீசிலிருந்து வந்ததும், ராத்திரிக்குக் காத்திராமல், அவரையும் அவருடைய புற ஊதா விளக்கையும் பாத்ரூமுக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் சொருகி, "விளக்கப் போடுங்க" என்றேன். என் சேலை மின்னியது. அவர் சட்டைக் காலர் மின்னியது. வேட்டித் துண்டுகள் மட்டும் இருட்டாகக் கிடந்தன.

"இனி அங்க எது மினுங்குனாலும் அது உங்க கல்லுதான்" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போய்விட்டார். வீடு மறுபடி பழையபடி ஆகிவிட்டது. ராத்திரி கட்டிலின் அந்தப் பக்கம் கை போகிறது, திரும்பி வருகிறது. நேற்றுச் சாயங்காலம் குக்கரை அணைத்துவிட்டுப் பால்கனியில் காத்திருந்தேன். ஏரிக்கரைக் காற்று போனில் இரைந்தது. மெஷின்காரரின் புதுப்பாட்டு, பூக்கத் தொடங்கிய இலுப்பை, எல்லாம் சொன்னார். பிறகு, "இன்னிக்கு வந்த கல்லுலயும் ஒண்ணும் இல்ல" என்றார்.

பிள்ளையார் என் பழைய வேண்டுதலை இப்போது நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

"நல்லாப் பாத்தியளா?" என்றேன். "கம்பளிய இடுக்கில்லாம மூடிக்கிட்டுப் பாத்தியளா? நாளைக்கு இன்னொரு தடவ பாருங்க."