நாலாவது ஸ்டட்

என்னுடைய கார் இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடியது. தரையோடு தரையாகப் போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்முனைப் பிரதான வீதியில் அதை ஓட்டிப் போனால் முன்னால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம், பின்னால் ஆட்டோ, நடுவில் நான் சப்பாத்துப் பெட்டிக்குள் உட்கார்ந்தவனைப் போல இருப்பேன். என் பார்மசிக்கு மருந்து வாங்க வருகிறவர்கள், "இதுக்குள்ள எப்பிடி ஏர்ற நீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. வருஷத்தில் மூன்று நாலு தடவை நாட்டின் மறுகரையில் இருக்கிற கார் ஓட்டத் திடலுக்கு அதைக் கொண்டுபோவேன். பெரிய ஓட்டக்காரன் ஒன்றுமில்லை. ஆசை, அவ்வளவுதான்.

திடலில் ஓட்டினால் பிரேக் பேட் சீக்கிரம் தேயும். மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் கலிப்பரைக் கழற்ற வேண்டும். சில்லோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்கும் பாகம் அது. என் காரில் அதைத் தாங்குவது இரண்டு போல்ட். அந்த வேலையை வீட்டு முற்றத்தில் நானே செய்து பழகியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முன் சில்லைக் கழற்றிவிட்டு போல்ட்டை இழுத்தபோது, அதன் திருகுப் புரியில் வெள்ளிநூல் போல ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டப் போனேன்.

"கொஞ்சம் நில்லுங்க மச்சான். அதத் தாங்க பாப்பம்."

மதினியின் குரல். என் மனைவியின் மூத்த சகோதரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வளவு. நான் கல்யாணம் முடித்து இந்த வளவுக்கு வந்த காலத்திலிருந்து அவரை உடுப்புக் காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கமாகவே பார்த்து வந்திருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் லேத் இயந்திரத்தில் இரும்பு கடையும் வேலை படிப்பிக்கிறவர் என்று தெரியும். அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்த வெள்ளிநூலை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இது போல்ட்டுர இரும்பு இல்ல. இது பூட்டுற இடத்துர அலுமினியம். நீங்க கழட்டுற ஒவ்வொரு தரமும் கார்ர சதையக் கொஞ்சம் புடுங்கி எடுக்கிறீங்க."

"இறுகுதுதானே மதினி?"

"இண்டைக்கு இறுகும்."

அவர் சொன்ன வழி இதுதான். போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட் போடவேண்டும். ஸ்டட் என்றால் தலை இல்லாத கம்பி, இரண்டு முனையிலும் புரி. ஒரு முனை அலுமினியத்துக்குள் ஒரே ஒரு தடவை இறங்கி அங்கேயே இருந்துவிடும். அடுத்த முனையில் நட்டைப் பூட்டுவது. பிறகு எத்தனை தரம் கழற்றினாலும் இரும்பில்தான் இரும்பு உரசும். அலுமினியத்தை யாரும் தொடவேண்டியதில்லை. இதை அவர் சொன்ன விதத்தில், இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கொழும்பிலிருந்து ஸ்டட் வர இரண்டு கிழமை எடுத்தது. அடுத்த ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனி காலை நான் புறப்படவேண்டும். வெள்ளி ஜும்ஆ முடிந்து நான் பள்ளியிலிருந்து வரும்போது மதினி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, முற்றத்தில் பழைய பாய் ஒன்றை விரித்து, சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

இரண்டு முன் சில்லுக்கும் சேர்த்து நாலு துளை. ஒவ்வொன்றையும் கழுவினார், காற்றடித்தார், திரும்பவும் கழுவினார். ஸ்டட்டை ஸ்பேனர் தொடாமல் விரலாலேயே திருகினார். கண்ணை மூடிக்கொண்டு திருகினார் என்பதை மூன்றாவது ஸ்டட்டில்தான் கவனித்தேன். நாலாவதும் இறங்கி நின்றது. நான் நட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மத்த மூண்டையும் விட உசந்து நிக்குது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டினார். நாலு மில்லிமீற்றர்.

"நாலு மில்லிதானே மதினி. நட்டுப் பூட்ட இடம் இரிக்கி."

"வெளியில இடம் இரிக்கி. உள்ளுக்கு என்ன நடக்குது?"

ஸ்டட்டைக் கழற்றினார். சைக்கிள் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டு, விரல் நகத்தால் அடையாளம் பிடித்து, பக்கத்து ஸ்டட்டையும் கழற்றி அந்தத் துளையிலும் விட்டுப் பார்த்தார். நாலாவது துளை ஆழம் குறைவு. டோர்ச்சை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் மங்கலாக ஏதோ மினுங்கியது. எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த யாரோ போல்ட்டை முறித்திருக்கிறார்கள். நுனி உள்ளேயே கிடக்க, கட்டையான வேறொரு போல்ட்டைப் பூட்டி விட்டிருக்கிறார்கள். பாதிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்த பிரேக்கை நம்பி இரண்டு வருஷம் திடலில் ஓடியிருக்கிறேன் நான்.

ஆனாலும் ஆசை விடவில்லை.

"இந்த ஒரு ஓட்டத்த முடிச்சிட்டு வந்து செய்வமா? இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லதானே."

மதினி கோபப்படவில்லை. கையைத் துடைத்தபடி சொன்னார்: "மச்சான், பிரேக்க மிதிக்கிற நேரம் காருக்குள்ள நீங்க மட்டுமில்ல. என்ட தங்கச்சி இஞ்ச ஊட்டுக்குள்ள இரிந்து மிதிச்சிக்கொண்டுதான் இரிப்பா."

வாசலில் என் மனைவி நிற்பதைப் பார்த்தேன். நான் போய் ஓட்டத்துக்கு வரவில்லை என்று போன் எடுத்துச் சொன்னேன்.

அந்தத் துளை இருந்த அலுமினியப் பாகத்தை முழுதாகக் கழற்றிச் சனிக்கிழமை கல்லூரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். முறிந்த நுனியைத் துளைத்து எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. கொஞ்சம் துளைப்பார், எண்ணெய் விடுவார், நிறுத்துவார், பார்ப்பார். அவசரம் என்ற ஒன்று அவர் கையில் இல்லவே இல்லை. பிறகு தேய்ந்துபோயிருந்த புரிக்குள் இரும்புச் சுருள் ஒன்றைப் புதுப்புரியாக இறக்கினார். ஸ்டட் உள்ளே போனது. வேர்னியரில் பார்த்தால் மற்ற மூன்றின் அதே உயரம். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அந்தப் பாகத்தைக் காரில் பூட்டி, கலிப்பரை ஸ்டட்டில் கொழுவி, இறுக்கம் அளக்கும் டோர்க் ஸ்பேனர் 'டிக்' என்று சொல்லும்வரை நட்டுகளை இறுக்கிய பிறகு சாவிக்குக் கை நீட்டினார்.

"நான்தான் ஓடிப் பாக்கோணும்."

"நீங்களா?"

"பூட்டின நான். முதல்ல மிதிக்கிறதும் நான்தான்."

பக்கத்தில் என்னைக்கூட ஏற்றவில்லை. வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் ரோட்டுக்குப் போனார். நான் மோட்டார்சைக்கிளில் பின்னால் போனேன். முதலில் மெதுவாக ஏழெட்டுத் தரம் பிரேக் பிடித்தார். பிறகு தூரத்தில் திருப்பிக்கொண்டு வேகமாக வந்து ஒரே மிதி. கார் மூக்கைக் குனிந்து, கோடு கிழித்தது போல நேராக நின்றது. வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. மதினி இறங்கி, ரோட்டிலேயே சில்லைக் கழற்றி, நட்டுகளைத் திரும்பவும் ஸ்பேனரால் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் சாவியை என்னிடம் தந்தார்.

அடுத்த ஓட்டத்துக்கு மூன்று பேருமாகப் போனோம், என் மனைவியும் மதினியும் மதினியின் வேனில். முதல் ஓட்டம் முடிந்து வந்து பேட் மாற்றினேன். நட்டைக் கழற்றினால் கலிப்பர் ஸ்டட்டில் வழுக்கிக் கையில் வந்தது. திரும்பப் போடும்போது தானாகவே இடத்தில் போய் இருந்தது. பக்கத்துக் காரைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எந்த கராஜில செய்தது?"

நான் மதினியைக் காட்டினேன். மெக்கானிக் சிரித்துவிட்டு என்னிடமே கேள்வி கேட்டார். பதிலை மதினி சொன்னார். அடுத்த கேள்வியை அவர் மதினியிடம் கேட்டார். மூன்றாவது கேள்வியில் 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்.

நான் ஹெல்மட்டைப் போடும்போது மதினி கிட்ட வந்தார்.

"அந்த வளைவுக்கு ஏன் அவ்வளவு தூரத்திலயே மிதிக்கிறீங்க? என்ட வேலையில நம்பிக்கை இல்லயா?"

"நம்பிக்கை இரிக்கி மதினி. பயமும் இரிக்கி."

"பயத்தக் கொஞ்சம் பிந்தி வையுங்க."

அடுத்த சுற்றில், அந்த வளைவுக்கு வழமையாக மிதிக்கும் இடத்தைத் தாண்டிவிட்டேன். மிதித்தேன். கார் சொன்ன இடத்தில் சொன்னபடி அமர்ந்து, வளைவுக்குள் திரும்பியது. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் பார்த்திருப்பார் என்று நினைத்து, அந்தப் பக்கம் வந்தபோது ஒரு கண் திருப்பினேன்.

மதினி திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை விரலை மற்றக் கையின் பொத்திய பிடிக்குள் விட்டு, துளை எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும் என்று அந்த மெக்கானிக்குக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.