கோட்டுக்கு அடங்காத வீடுகள்

மின் விநியோக அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். காலையில் கணினியைத் திறந்தால் சாயங்காலம் வரை கோடுதான் போடுவாள். கிண்டலாக வைத்த பெயர்தான், ஆனாலும் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பழைய மீட்டர். மொத்தம் எவ்வளவு ஓடியது என்று சொல்லும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். அது தெரியாமல் நாளைக்கு எந்த நேரத்துக்கு எவ்வளவு மின்சாரம் வாங்குவது? அதனால் சில வீடுகளில் மட்டும் நேரத்தோடு பதிவு செய்கிற மீட்டரை மாட்டி, அந்தக் கணக்கையெல்லாம் மென்பொருளில் கொட்டிச் சராசரி எடுத்து, வீடு என்றால் இப்படித்தான் என்று ஒரு கோடு வரைவார்கள். கடைக்கு ஒரு கோடு, பட்டறைக்கு ஒரு கோடு. ரொட்டிக்கடைக் கோடு ஊர் விழிப்பதற்கு முன்பே எழுந்துவிடும். வீட்டுக் கோடு காலையில் ஒரு துள்ளு துள்ளி, பகலெல்லாம் படுத்துக் கிடந்து, விளக்கு போடும் நேரத்தில் மறுபடி தலை தூக்கும். கோட்டம்மாவுக்கு இந்தக் கோடுகள் பெற்ற பிள்ளைகள் மாதிரி.

எங்கும் சில அடங்காப்பிடாரிகள் உண்டே! ஊர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சில வீடுகளில் மட்டும் கரண்ட் தறிகெட்டு ஓடும். அவற்றையும் சேர்த்தால் சராசரி கோணிக்கொள்ளும். ஆகவே அந்த எண்களுக்குச் சிவப்பு அடித்து ஒதுக்கிவிடுவாள். அவளுக்குத் தெரிவது எண் மட்டும். எந்த எண் யார் வீடு என்பது மேலாளருக்குத்தான் தெரியும்.

அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். ஆரம்பத்தில் புது மீட்டர் என்றதும் கதவைச் சாத்தாத வீடு கிடையாது. மேலாளர் இவளைக் கூப்பிட்டார்.

"உனக்குத் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லும்மா. யார் வீடுன்னு வெளியில தெரியவே தெரியாது. எல்லாத்தையும் கலந்து ஒரே கோடுதானே போடப்போறோம்? நீ என் தங்கச்சி மாதிரி. உன்கிட்ட போய் பொய் சொல்வேனா?"

வெயிலில் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டு திரிந்தவளைக் கணினி முன்னால் உட்காரவைத்தவர் அவர். அவர் வாய்ச்சொல்லே அவளுக்குப் போதும். நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. அப்பா அம்மா போன பிறகு, தையல் மிஷினை மிதித்தே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இவளைப் படிக்கவைத்தவள். இப்போது முன்னறையில் மோட்டார் போட்ட மிஷின்கள் ஓடுகின்றன, கூடவே பெரிய இஸ்திரிப் பெட்டியும். எல்லாம் கட்டணம் குறைந்த வீட்டு இணைப்பில்தான். அந்தத் தெருவில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான் நடக்கிறது.

"வேணாம்டி, பயமா இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நான் இருக்கேன்லக்கா."

அதற்கு மேல் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவே மாட்டிக்கொண்டதைப் பார்த்துத் தெருவும் மாட்டிக்கொண்டது.

கோடு அச்சில் வார்த்தது போல வந்தது. தலைமை அலுவலகம் பாராட்ட, மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் முன்னால் லைன்மேன் வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"உங்க அக்கா வீட்டு ஃபியூஸ இப்பதான் பிடுங்கிட்டு வர்றேன். வீட்டு கரண்ட்ல தொழில் பண்றாங்களாம். நீங்க சிவப்பு அடிச்ச வீடு அத்தனைக்கும் ஆர்டர் வந்திருக்கு."

டப்பாவை அப்படியே போட்டுவிட்டு மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், வாக்கு குடுத்தீங்களே!"

"வெளியில யாருக்கும் சொல்லலியேம்மா, நம்ம ஆபீசுக்குள்ளதானே? வீட்டு கோட்டுக்குள்ள வராதது வீடே இல்லன்னு நீதானே பிரிச்சு வச்சிருக்கே. மேல திருட்டைப் பிடி பிடின்னு உயிரெடுக்கிறாங்க, எதையாவது காட்டணுமில்ல?"

"அது எங்க அக்கா வீடுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்." கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "அதனாலதான் முதல்ல அங்க அனுப்பினேன். இல்லன்னா உனக்காக விட்டுட்டேன்னு நாலு பேர் பேசமாட்டாங்களா?"

தங்கச்சியாம் தங்கச்சி! நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, அதையே நியாயம் என்கிறான் மனுஷன். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் இந்த ஆளுக்காகவா கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டாள்.

வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனாள். ஏமாற்றியது அவர், துரோகம் அவருடையது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தெருவில் மிஷின் சத்தமே இல்லை. வாசலில் நின்ற பெண்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே அக்கா வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. நீதான் காட்டிக்குடுத்தேன்னு தெருவே பேசுது. என் தங்கச்சியப் பத்தி எனக்குத் தெரியாதான்னு ஒவ்வொருத்தியா சண்டை போட்டு அனுப்பியிருக்கேன்." அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் கை இதுல இல்லதானே? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

கோத்துவைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"யார் வீடுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

ஊசி நின்றது.

"நான் அதக் கேக்கலியே" என்றாள் அக்கா.