தண்டால் சாரும் தாழ்ந்த கம்பியும்

சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார் தண்டால் சார். காலியான தானியக் கிடங்கு. மூலையில் கால் உடைந்த நாற்காலி, ஜன்னலில் ஒரு புறா. சார் இரண்டு கைகளையும் விரித்து, கால்களை அகட்டி, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அலுவலக ஜீப்பின் ஓட்டுநர் சாக்பீஸும் கையுமாகக் குனிந்து அவரைச் சுற்றிக் கோடு போடுகிறார்.

"சார், வயித்தை எக்காதீங்க. அப்புறம் வர்றவனுக்கு எடம் பத்தாது."

"எக்கலப்பா. மூச்சை இழுத்தேன்."

"அதைத்தான் விடுங்கன்னு சொல்றேன்."

சார் விடுகிறார். கோடு அரைச் சாண் வெளியே தள்ளிப் போகிறது.

இப்படி ஒரு நாள் படுத்திருக்கும்போது வாசலில் தலையை நீட்டிய ஓர் அம்மாள், "ஐயோ, யாரோ பெரியவரு போயிட்டாரு, சுத்திக் கோடெல்லாம் போட்டுட்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பாதி ஊர் திரண்டு வந்து நின்றபோது, போய்ச் சேர்ந்தவர் எழுந்து உட்கார்ந்து தும்மினார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வணக்கம். உங்க ஊருக்கு உடற்பயிற்சிக் கூடம் வருது" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கிராமங்களில் அரசு செலவில் உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கும் திட்டத்துக்கு வரைபடம் போடுவது சாரின் உத்தியோகம். எந்தக் கட்டடம், எந்தக் கருவி எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் எல்லாம் அவர் சொல்வதுதான். ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்ல அட்டவணைகள் உண்டு. சார் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அட்டவணையில இருக்கிற மனுஷனை நான் இதுவரைக்கும் நேர்ல சந்திச்சதில்லப்பா" என்பார். ஆகவே தாமே படுத்துப் பார்ப்பார், தாமே குந்திப் பார்ப்பார், தாமே கையைத் தூக்கிப் பார்ப்பார். நியாயமான ஏற்பாடுதான். ஒரே ஒரு சங்கடம், சார் குள்ளம். அவருடைய மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம்; பரண்மேல் இருக்கும் எதை எடுக்கவும் அந்த வீட்டில் ஸ்டூல் தேவைப்பட்டதில்லை, மனைவியைக் கூப்பிட்டால் போதும்.

பட்டப்பெயர் திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே விழுந்துவிட்டது. தண்டாலின் மகிமையைப் பற்றி அன்று சார் விடாமல் பேசினார். மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி நீட்டி, கையையே ஆளாக்கித் தண்டால் எடுத்துக் காட்டினார். அந்தக் கை எடுத்ததைத் தவிர அவர் உடம்பின் வேறெந்தப் பகுதியும் பிறந்ததிலிருந்து ஒரு தண்டால் எடுத்ததில்லை. ஒரு மாடி ஏறவும் லிஃப்ட்டுக்குத்தான் காத்து நிற்பார். லிஃப்ட் பழுதென்றால் கீழே காவலாளியின் மேசையிலேயே கடையை விரித்துவிடுவார்.

முன்பு அவர் சிறுபாலங்கள் பிரிவில் இருந்தவர். "அது நிம்மதியான வேலைப்பா. சிறுபாலத்தைக் கட்டிட்டு யாராவது வாங்க வாங்கன்னு கெஞ்ச வேண்டியதில்ல. தண்ணி தானா வரும்" என்று ஜீப்பில் போகும்போது சொல்வார். ஆனாலும் திரும்பிப் போக அவருக்கு மனமில்லை. ஏதோ ஓர் ஊரில் தரையில் படுத்து அளந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் மெதுவாக வந்து, "எங்களுக்குமா சார் இது?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மலர்ந்ததே, அதைச் சார் இன்னும் மறக்கவில்லை. எந்தச் சிறுபாலமும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தத் தானியக் கிடங்குதான் திட்டத்தின் முதல் கூடமாக எழுந்து நின்றது. சார் ஆசை ஆசையாகப் பெரிய ஜன்னல்கள் வைத்தார். காற்று வர வேண்டுமல்லவா? காற்று வந்தது. எதிரே பேருந்து நிறுத்தம் இருந்ததால் பார்வையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஒருவன் கையைக் காலை அசைத்தால் நிறுத்தத்து பெஞ்சு முழுவதும் அவனுக்கு வர்ணனை சொல்லும். "மாப்ளே, முக்காதே, கிழிஞ்சிரும்!" என்று ஒரு குரல். "வீட்ல தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு வலின்னியேடா!" என்று அவன் அப்பாவின் குரல். இரண்டாவது தடவை யார் வருவார்கள்?

கம்பி விஷயம் தனிக் கதை. தொங்கி எழும்பிப் புல்லப்ஸ் எடுப்பதற்கான கம்பியை எந்த உயரத்தில் பதிக்கலாம் என்று கொத்தனார் கேட்க, சார் போய் நின்று கையைத் தூக்கி, "இங்க" என்று சொல்லிவிட்டார். அவர் கைக்கு அது அம்சமாகத்தான் இருந்தது. ஊரின் நெட்டை மெக்கானிக் திறப்பு விழாவன்று உற்சாகமாக உள்ளே நுழைந்து நேரே அதில் நெற்றியை இடித்துக்கொண்டான். மற்றவர்கள் அதில் துண்டு காயப்போட்டார்கள்.

பெண்களிடம் பேசிப் பார்த்தார் சார். ஊருக்கெல்லாம் பால் ஊற்றும் பால்காரம்மா இரண்டு கைகளிலும் நிறைகேன்களோடு நின்றபடியே கேட்டுக்கொண்டார். எடைக் குண்டுகளைக் காட்டி, இதைத் தூக்கி இறக்க வேண்டும் என்று சார் விளக்கினார்.

"தூக்கி எங்க கொண்டுபோய் வைக்கணும்?"

"எங்கயும் இல்லம்மா. எடுத்த எடத்துலயே வைக்கணும்."

"எடுத்த எடத்துலயே வைக்கிறதுக்கு எதுக்குத் தூக்கணும்? ஒரு பொருளைத் தூக்கினா எங்கயாவது கொண்டுபோய்ச் சேக்கணும் சார். சும்மா தூக்கி எறக்க எனக்கென்ன பைத்தியமா?"

சார் கையிலிருந்த குண்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். யோசிக்க யோசிக்க அந்த அம்மாள் சொல்வதுதான் சரியென்று பட்டது. அதுதான் அவரைக் கலங்கடித்தது.

மேலிடத்திலிருந்து செய்தியும் வந்தது. இயக்குநர் அம்மா நேரில் வந்து பார்ப்பார். கூடத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் கருவிகள் நகரத்துக்குப் போய்விடும், மற்ற ஊர்களின் வரைபடங்கள் குப்பைக்குப் போய்விடும், சார் சிறுபாலத்துக்குப் போய்விடுவார். அன்றே ஜீப்பை எடுக்கச் சொல்லி ஊருக்குப் போனார். நிறுத்தத்து பெஞ்சின் முன் நின்று ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், "எல்லாம் சரி சார். நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.

பெஞ்சு ஆமோதித்தது. தப்ப வழியில்லை. சார் உள்ளே போனார். தண்டால் என்றால் தரையில் விழ வேண்டும், எழ முடியாமல் போனால் மானம் போய்விடும். கம்பியாவது தம் அளவுக்குச் செய்தது என்று கணக்குப் போட்டு அதைப் பிடித்தார். பிடித்து, முழங்காலை மடக்கினார். அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. முகம் சிவந்தது, கால்கள் காற்றை உதைத்தன, கண்ணாடி நழுவி விழுந்தது, உடம்பு ஓர் அங்குலம்கூட எழவில்லை. அந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. உள்ளே இருந்தவர்களும் இறங்கிவந்து ஜன்னலில் நின்றார்கள். நடத்துநர் விசில் ஊத மறந்துபோனார்.

பால்காரம்மாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. கேன்களை வாசலில் வைத்துவிட்டு விடுவிடென்று உள்ளே வந்தார். "ஐயோ ஐயோ, அப்படி இல்லண்ணே! கையால மட்டும் இழுத்தா எப்படி வரும்? தோளை இறுக்குங்க. காலை ஆட்டாதீங்க" என்று அவருடைய பாதங்களைத் தம் உள்ளங்கைகளில் ஏந்தி மேலே தள்ளினார். சார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கம்பிக்கு மேலிருந்து உலகத்தைப் பார்த்தார். கைதட்டல் எழுந்தது. உடனே கீழே விழுந்தார், அதற்கும் கைதட்டல்.

மறு தடவை அவர் போனபோது கூடத்தில் ஆள் இருந்தது. சாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் தனக்கு வர வேண்டாமா என்று மெக்கானிக், கால்களை முழுக்க மடக்கிக்கொண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். தபால்காரர் நகராத சைக்கிளை மிதித்து, மூச்சை எப்போது விட வேண்டும் என்று ஆராய்ந்தார். பால்காரம்மா இன்னும் நாலைந்து பெண்களைக் கூட்டிவந்து எடைக் குண்டுகளைத் தூக்கவைத்தார். எதற்காம்? "இந்த அண்ணனைத் தூக்கி அந்தக் கம்பிக்கு மேல கொண்டுபோய்ச் சேக்கணும். அதுக்குக் கையில வலு வேணாமா?" தூக்குவதற்கு ஒரு போக்கிடம் கிடைத்துவிட்டது. ஊரே களத்தில் இறங்கிவிட்டது. பெஞ்சு காலியானதால் வர்ணனையும் நின்றது.

சாரும் சளைக்காமல் வாரந்தோறும் போய், வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் இரும்புக் குழாயிலும் காலையில் தொங்கிப் பார்த்தார். ஒரு நாள், யாரும் தள்ளாமல், தாடை குழாய்க்கு மேலே போய்விட்டது. வாயில் பிரஷ்ஷோடு நின்ற மனைவி அப்படியே பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். "ஏங்க, இன்னொரு தடவை செய்யுங்க!" என்றார். செய்தார். பள்ளிக்கூடத்தில் எந்த அணியும் கடைசிவரை கூப்பிடாத பையன் அவர். இந்த வயதில், தன் உடம்பைத் தானே தூக்கிவிட்டார். சந்தோஷத்தில் அன்று அலுவலக மாடிக்குப் படியேறியே போனார். சார் தம்மேல் கோபித்துக்கொண்டாரோ என்று பயந்து லிஃப்ட்காரர் காரணம் கேட்டார்.

முதலில் ஓட்டுநரிடம்தான் சொன்னார். ஓட்டுநர் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டார்.

"ஐயையோ! ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க சார்."

"ஏம்ப்பா? அவங்க சொல்லிக் குடுத்துதானே வந்துச்சு. சந்தோஷப்பட மாட்டாங்களா?"

"படுவாங்க. பட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. தபால்காரர் கதையை மறந்துட்டீங்களா?"

சாருக்கு நினைவு வந்தது. சைக்கிளில் மூச்சு விடும் முறை சாருக்குப் பிடிபட்ட அன்றே தபால்காரர், "வந்த வேலை முடிஞ்சுது" என்று கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பியவர்தான். பிறகு சார் வேண்டுமென்றே மூச்சைத் தப்பாக விட்டுக் காட்டித்தான் அவரைத் திரும்ப வரவழைத்தார். சிறுசிறு வித்தைகளுக்கே இந்தக் கதி. கம்பி அந்த ஊரின் லட்சியம். அது நிறைவேறிவிட்டால்?

"ஒரே ஒரு தடவைப்பா" என்றார் சார், பொம்மை கேட்கும் குழந்தைக் குரலில். "எல்லாரும் பாக்க ஒரே ஒரு தடவை."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

இயக்குநர் அம்மா வந்த நாளில் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சாக்பீஸ் கோட்டுக்கு ஓர் ஆள் என்று போட்ட கணக்கில் இரண்டு ஆள் நின்றார்கள். இயக்குநர் அம்மா நடுவில் நின்று சுற்றிலும் பார்த்து, "இவங்களுக்கெல்லாம் பயிற்சியாளர் யாரு?" என்று கேட்டார்.

"நாங்கதான் பயிற்சியாளருங்க" என்றார் பால்காரம்மா. சாரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தி, "இவருக்குத்தான் பயிற்சி. பாவம், இன்னும் வரமாட்டேங்குது. ஆனா விட மாட்டோம்."

இயக்குநர் அம்மா சிரித்துவிட்டார். "எங்க, பாப்போம்."

சார் கண்ணாடியைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்தார். மனைவியும் அன்று வந்திருந்தார். எல்லோர் தலைக்கும் மேலே அவருடைய தலை தெரிந்தது. சார் கம்பியைப் பிடித்தார், தோளை இறுக்கினார், எழும்பினார். உடம்பு அவர் சொன்னபடி கேட்டது, சுகமாக மேலே வந்தது. நெற்றி கம்பியைத் தாண்டியது. கண் தாண்டியது. மூக்கு தாண்டியது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கம்பிக்கு மேலாகப் பார்த்தால் மங்கலாக எல்லோரும் தெரிந்தார்கள்: குண்டைக் கீழே வைக்க மறந்து நின்ற பெண்கள், தாம் எழும்புவதுபோலவே கழுத்தை நீட்டிய மெக்கானிக், சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்ட தபால்காரர். தாடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல்தான் பாக்கி.

சார் அங்கேயே ஒரு கணம் நின்றார். பிறகு முழங்கைகளைத் தளரவிட்டார். சர்ரென்று கீழே இறங்கித் தொங்கி, முகத்தைச் சுளித்து, "முடியலம்மா, கொஞ்சம் ஏந்துங்க" என்று இரண்டு கால்களையும் பின்னால் மடக்கிப் பால்காரம்மாவின் கைகளுக்கு நீட்டினார்.